நாய் கடித்த கறவை மாடு: விற்கலாமா, பால் குடிக்கலாமா?

கேள்வி: முந்தாநாள் இரவு கொட்டகையில் கட்டியிருந்த கறவை மாட்டைத் தெருநாய் ஒன்று மூக்கிலும் பின்னங்காலிலும் கடித்துவிட்டது. மாடு நன்றாகத்தான் தீனி எடுக்கிறது. கன்று ஊட்டுகிறது, வீட்டுக்கும் பால் கறக்கிறோம். நாயை அடித்துப் போடு என்கிறார்கள் சிலர், மாட்டை உடனே விற்றுவிடு என்கிறார்கள் சிலர். அதிகாரிகளுக்குத் தெரிந்தால் மாட்டைப் பிடித்துப் போய்விடுவார்களாம். என்ன செய்யட்டும்?

பதில்: நாயையும் அடிக்காதீர்கள், மாட்டையும் விற்காதீர்கள். முதலில் புண். இரண்டு நாள் ஆகிவிட்டாலும் பரவாயில்லை, கையுறை போட்டுக்கொண்டு சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் நன்றாகக் கழுவி, பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி மருந்தைத் தடவுங்கள். நாய்க்கடியில் பயப்பட வேண்டியது ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய்; அந்த வைரஸுக்கு மேலே ஒரு கொழுப்பு உறை இருக்கிறது, அதை சோப்பு கரைத்துவிடும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் அப்ப வேண்டாம். கடிபட்ட அன்று யாராவது வெறுங்கையால் புண்ணைத் தொட்டிருந்து, அவர் கையில் வெட்டோ சிராய்ப்போ இருந்திருந்தால் அவர் இன்றைக்கே மனித மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் தடுப்பூசி. மூக்கில் கடி என்பது காலில் கடிபட்டதைவிட மோசம், மூளை பக்கத்திலேயே இருப்பதால் நோய் சீக்கிரம் வெளிப்படலாம். ஆகவே கால்நடை மருத்துவரைத் தள்ளிப்போடாமல் கூப்பிடுங்கள். கடிபட்ட பிறகு ஊசி போடும் நடைமுறை உள்ள இடங்களில் பொதுவாக 0, 3, 7, 14, 28 என்ற கணக்கில் போடுவார்கள், சிலர் 90ஆம் நாளும் ஒன்று சேர்ப்பார்கள். இதில் 0 என்பது முதல் ஊசி போட்ட நாள், கடித்த நாள் இல்லை. நடுவில் மாடு நன்றாக இருக்கிறதே என்று நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

நாயை ஏன் அடிக்கக் கூடாது என்றால், அதுதான் உங்களுக்கு விடை சொல்லப்போகிற சாட்சி. கடித்த நாள் முதல் பத்து நாள் அது நோயில்லாமல் உயிரோடு நடமாடினால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று அர்த்தம். நீங்களே பிடிக்கப் போகாதீர்கள், உள்ளாட்சிக்குச் சொல்லுங்கள். பத்து நாளுக்குள் செத்துவிட்டால் தலையைச் சிதைக்காமல் விடுங்கள், பரிசோதனைக்கு மூளைதான் வேண்டும். இந்தப் பத்து நாள் முடியட்டும் என்று மாட்டின் ஊசிக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது.

பிடித்துப் போய்விடுவார்கள் என்ற பயம் புரிகிறது. ரேபிஸ் பெரும்பாலான நாடுகளில் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய், ஆனால் கடிபட்ட மாட்டை என்ன செய்வது என்ற விதி இடத்துக்கு இடம் மாறும். முன்பே தடுப்பூசி போட்ட மாடு என்றால் இன்னொரு ஊசி போட்டு 45 நாள் கண்காணிப்பது ஒரு வழக்கம். போடாத மாட்டை ஆறு மாதம் தனியாகக் கட்டச் சொல்லும் இடங்கள் உண்டு, கொன்றுவிடச் சொல்லும் இடங்களும் உண்டு. உங்கள் பகுதி விதியைக் கால்நடை மருத்துவரிடமே நேரடியாகக் கேளுங்கள். மறைத்து விற்றால் என்ன ஆகும்? வாங்கினவருக்குக் கடி விஷயமே தெரியாது, மாடு ஒரு நாள் தீனியை விழுங்க முடியாமல் தவிக்கும்போது தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று வாய்க்குள் கையை விடுவார். மாட்டிடமிருந்து மனிதருக்கு ரேபிஸ் வரும் வழிகளில் எனக்கு அதிகம் பயம் தருவது இந்தக் கைதான்.

அதனால் அறிகுறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். குரல் கரகரத்து ஓயாமல் கத்துவது, எச்சில் நூலாக ஒழுகுவது, தண்ணீரை விழுங்க முடியாதது, சாணி போட முக்கிக்கொண்டே இருப்பது, பின்னங்கால் மடங்கித் தள்ளாடுவது. பருவத்துக்கு வந்த மாடு மாதிரியே நடந்துகொள்ளும் என்பதால் சினை ஊசிக்கு ஆள் கூப்பிட்டு ஏமாறுகிறவர்களும் உண்டு. இதில் ஒன்று தெரிந்தாலும் வாயருகே போகாதீர்கள், கன்றைப் பிரித்துக் கட்டுங்கள், மருத்துவருக்குச் சொல்லுங்கள். அறிகுறி வந்த பிறகு சிகிச்சை கிடையாது, பெரும்பாலும் பத்து நாளுக்குள் முடிந்துவிடும். செத்தால் தோல் உரிக்க வேண்டாம், திறந்த வெளியில் போடவும் வேண்டாம், ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள்.

பால்? மாடு நலமாக இருக்கும் வரை நன்றாகக் காய்ச்சிக் குடிக்கலாம், கொதிக்கும் சூட்டில் வைரஸ் நிற்காது. பச்சைப்பால் வேண்டாம். நோய் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து ஒரு சொட்டுகூடக் கறக்காதீர்கள், கறக்கப் போவதே ஆபத்து. சாணி, மூத்திரம் பற்றிப் பயம் தேவையில்லை, வைரஸ் இருப்பது எச்சிலில்.

பக்கத்துக் கொட்டகைகளிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அந்த நாய் அன்றிரவு உங்கள் மாட்டோடு மட்டும் நின்றிருக்கும் என்று சொல்ல முடியாது.