கேமரா வந்துவிட்டது, காவலாளி எதற்கு? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எங்கள் குடியிருப்பில் 16 கேமராக்கள் பொருத்திவிட்டோம். இரவுக் காவலாளிகள் இருவரையும் நிறுத்திவிடலாமா?

கூடாது. சுவரேறிக் குதிப்பவனைக் கேமரா பதிவு செய்யும், அதட்டி விரட்டாது. முதலில், கேமரா படம் ஓடும் திரை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல இடங்களில் அது சங்க அலுவலகத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது. சாவி செயலாளர் வீட்டில். திரையைக் காவலாளி இருக்கும் வாசல் கேட்டுக்குக் கொண்டுவாருங்கள். புதிய கேமராக்களில் மதில் ஓரமாக ஒரு கோடு வரைந்து, ஆள் தாண்டினால் மட்டும் ஒலி எழுப்பும்படி அமைக்கலாம். 'ஆள் மட்டும்' என்று அமைக்காவிட்டால் பூனைக்கும் மழைக்கும் கத்தும். மூன்றாம் நாள் காவலாளி சத்தத்தை அணைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பதிவு எத்தனை நாள் இருக்கும்?

கேமரா ஒன்று நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிந்தால் நாளுக்கு 21.6 ஜி.பி. ஆகும். உங்கள் 16 கேமராக்களுக்கு 2 டி.பி. டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது. பத்து நாள் ஊருக்குப் போய்வந்து திருட்டைக் கண்டால், பதிவு அழிந்திருக்கும். 30 நாள் வேண்டுமானால் 10 டி.பி.க்கு மேல் தேவை. பெட்டியோடு வந்த பாஸ்வேர்டையும் இன்றே மாற்றுங்கள். 2016இல் 'மிராய்' என்ற தீநிரல் உலகெங்கும் கேமராக்களைக் கைப்பற்றியது அந்த வழியாகத்தான்.

ரோந்து வந்ததைப் பதிய ஸ்கேன் செய்வதற்காகச் சுவர்களில் ஒட்டிய ரோந்து வில்லைகளைக் காவலாளி பெயர்த்தெடுத்து, மேசையில் வைத்தே ஸ்கேன் செய்கிறார். என்ன செய்வது?

வில்லையைச் சுவரில் திருகாணியால் இறுக்குங்கள். அதோடு விடாதீர்கள், அவர் எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறார் என்று கேளுங்கள். 12 மணி நேர ஷிப்டில், உட்கார நாற்காலிகூட இல்லாமல் நிற்பவரை மணிக்கொரு முறை ஆறு மாடி ஏறச் சொன்னால் இப்படித்தான் நடக்கும். எட்டு மணி நேர ஷிப்டுக்கு மாற்றுங்கள். செலவு கூடும், கொடுக்க வேண்டிய செலவுதான்.

வருவோரிடம் ஆதாரைப் படம் எடுக்கலாமா?

வேண்டாம். பெயர், போகும் வீடு, வீட்டாரின் ஒப்புதல் போதும்.

நான் காவலாளி. எனக்கு வயது 52. கணினி தெரியாது. இந்த வேலை நிலைக்குமா?

நிலைக்கும், ஐயா. தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம், 2005 காவலாளியின் வயது வரம்பை 65 என்று வைத்திருக்கிறது. அதன் கீழ் வந்த மத்திய மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்பையும் 60 மணி நேரக் களப் பயிற்சியையும் சொல்கின்றன. பயிற்சி இல்லாமல் சீருடை மட்டும் கொடுத்து நிற்க வைத்துவிட்டார்களா? பயிற்சியை முகமையிடம் உரிமையோடு கேளுங்கள். பதிவை ஓட்டிப் பார்ப்பது, எச்சரிக்கை வந்தால் யாரை அழைப்பது, இந்த இரண்டையும் அதிலேயே கற்றுத் தரச் சொல்லுங்கள்.