மூடிய கோப்பிலிருந்து தொகை எடுக்கும்போது ‘#வேல்யூ!’ ஏன் வருகிறது?

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த விற்பனைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கரூர் கிளையின் விற்பனை தனி எக்செல் கோப்பாகப் பொது ஃபோல்டரில் இருக்கிறது. பார்ட்டி வாரியாக மொத்தம் எடுக்க என் கோப்பில் சம்இஃப்ஸ் ஃபார்முலா போட்டிருக்கிறேன். கரூர் கோப்பும் திறந்திருந்தால் தொகை சரியாக வருகிறது. அதை மூடிவிட்டால் சில நாள் தொகை அப்படியே நிற்கிறது, சில நாள் எல்லாச் செல்லிலும் ‘#வேல்யூ!’ என்று வருகிறது. மேக்ரோ (எக்செல்லுக்குள் தானாக ஓடும் சிறு நிரல்) எழுதிச் சரிசெய்து தருவதாக ஒருவர் எட்டாயிரம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். உங்கள் ஃபார்முலாவில் நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. சம்இஃப்ஸால் மூடிய கோப்பைப் படிக்க முடியாது, அவ்வளவுதான். சம்இஃப், கவுன்ட்இஃப், கவுன்ட்இஃப்ஸ் ஆகியவற்றுக்கும் இதே குறை உண்டு. சம்இஃப்ஸ் எக்செல் 2007 பதிப்பில் வந்தது. இத்தனை ஆண்டுகளாகியும் இந்தக் குறை தீர்க்கப்படவில்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ‘அந்தக் கோப்பு மூடியிருக்கிறது’ என்று ஒரு வரி காட்டியிருந்தால்கூட, கணக்கு எழுதுகிறவர்கள் தங்கள் மீதே சந்தேகப்பட்டு மணிக்கணக்கில் ஃபார்முலாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் நிலை வந்திருக்காது.

காரணம் இதுதான். கோப்பு மூடியிருக்கும்போது எக்செல் அதிலுள்ள மதிப்புகளை மட்டும் ஒரு பட்டியலாக எடுத்துவந்து ஃபார்முலாவிடம் கொடுக்கிறது. சம், வீலுக்கப், இன்டெக்ஸ், சம்ப்ராடக்ட் ஆகியவை பட்டியல் கைக்கு வந்தால் போதுமென்று கணக்கை முடித்துவிடும். சம்இஃப்ஸோ, சரக்கறைக்குள் நேரில் போய் மூட்டைகளை எண்ணினால்தான் ஒப்புக்கொள்ளும் கணக்குப்பிள்ளையைப் போல, அந்தச் செல்களே திறந்து கிடக்க வேண்டும் என்கிறது.

சில நாள் மட்டும் ஏன் தொகை சரியாக நிற்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் ஏமாறுவது இங்கேதான். இரண்டு கோப்புகளும் திறந்திருந்தபோது கணக்கிட்ட விடையை உங்கள் கோப்பு தன்னுள் சேமித்து வைத்திருக்கும். மறுநாள் உங்கள் கோப்பைத் திறக்கும்போது, இணைப்புகளைப் புதுப்பிக்கவா என்று எக்செல் கேட்கும். ‘டோன்ட் அப்டேட்’ அழுத்தினால் அந்தப் பழைய விடை அப்படியே தெரியும். ‘அப்டேட்’ அழுத்தினாலோ, அந்தச் செல்லுக்குள் போய் எஃப்2 தட்டி என்டர் கொடுத்தாலோ, எக்செல் மறுபடி கணக்கிடப் புகும், அப்போது ‘#வேல்யூ!’ வரும். ஆகவே பிழை வராத நாளில் நீங்கள் பார்த்த தொகை அன்றைய தொகை என்று எண்ணிவிடாதீர்கள். அது நீங்கள் கடைசியாக இரண்டையும் திறந்து வைத்திருந்த நாளின் தொகை. அதை நம்பிப் பார்ட்டியிடம் பாக்கி கேட்டால் தகராறுதான் வரும். உண்மையில் ‘#வேல்யூ!’ வருகிற நாள்தான் உங்களுக்குப் பாதுகாப்பான நாள்.

மாற்று சம்ப்ராடக்ட். இரண்டு கோப்புகளையும் திறந்து வைத்துக்கொண்டு, உங்கள் கோப்பில் சம்இஃப்ஸ் இருந்த செல்லில் சம்ப்ராடக்ட் என்று தட்டச்சிட்டு அடைப்புக்குறியைத் திறவுங்கள். முதலில் இரண்டு கழித்தல் குறிகள். அவற்றை ஒட்டி இன்னோர் அடைப்புக்குறிக்குள், கரூர் கோப்பின் பார்ட்டி பெயர்ப் பத்தி, சமக்குறி, பெயர் இருக்கும் உங்கள் செல். அதை மூடி, ஒரு கமா இட்டு, கரூர் கோப்பின் தொகைப் பத்தியைத் தேர்ந்தெடுத்து முடியுங்கள். பத்திகளை மௌஸால் தேர்ந்தெடுப்பதே நல்லது, ஏனெனில் கரூர் கோப்பை மூடிய உடனே அதன் முழு ஃபோல்டர் பாதையையும் எக்செல் தானாகவே ஃபார்முலாவில் நிரப்பிக்கொள்ளும். கையால் தட்டச்சிட்டால் ஒரு மேற்கோள் குறி விட்டுப்போனாலும் வேலை நடக்காது. முழுப் பத்தியையும் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசைகள் உண்டு. அத்தனையையும் மூடிய கோப்பிலிருந்து இழுக்கச் சொன்னால் கணினி தவித்துப்போகும். 2ஆம் வரிசையிலிருந்து 5000ஆம் வரிசை வரை என்று இரண்டு பத்திகளுக்கும் ஒரே அளவாக வையுங்கள். அளவு மாறினால் மீண்டும் ‘#வேல்யூ!’தான்.

இப்போது கோப்பைத் திறக்கும்போது தயங்காமல் ‘அப்டேட்’ கொடுக்கலாம். கரூரில் இருப்பவர் பதிவிட்டுச் சேவ் செய்த வரையிலான கணக்கு வரும். சேவ் செய்யாதது வராது. வேலைக்கு நடுவில் புதிய தொகை வேண்டுமென்றால் டேட்டா மெனுவில் ‘எடிட் லிங்க்ஸ்’ என்பதைத் திறந்து புதுப்பிக்க வேண்டும். புதிய பதிப்புகளில் அதற்கு ‘வொர்க்புக் லிங்க்ஸ்’ என்று பெயர்.

அதே இடத்தில் ‘பிரேக் லிங்க்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். ‘பிழை வந்தால் அதை அழுத்திவிடுங்கள், சரியாகிவிடும்’ என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அழுத்தினால் ஃபார்முலாக்கள் அழிந்து வெறும் எண்கள் மட்டும் மிஞ்சும். அன்டூ செய்து மீட்க முடியாது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

மேக்ரோ விற்பவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்படி விலைக்கு வாங்கிய ஒரு கோப்பைச் சென்ற ஆண்டு ஓர் அரிசி ஆலைக்காரர் என்னிடம் கொண்டுவந்தார். அது செய்த வேலை, மற்றக் கோப்பைத் திறந்து, தொகையை எடுத்து, மூடியது மட்டுமே. ஃபோல்டர் பாதையை மேக்ரோவுக்குள்ளேயே எழுதி, உள்ளே யாரும் பார்க்க முடியாதபடி பாஸ்வேர்டும் போட்டிருந்தார்கள். கணினியை மாற்றியதும் அது நின்றுபோனது. சரிசெய்ய மறுபடி பணம் கேட்டார்கள். அதைவிட மோசம், அது ஓட வேண்டுமென்று எல்லா மேக்ரோவையும் அனுமதிக்கும்படி எக்செல்லின் பாதுகாப்பு அமைப்பையே தளர்த்தி வைத்திருந்தார்கள். இணையத்திலிருந்து வரும் மேக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்கத் தொடங்கியது காரணமில்லாமல் அல்ல. கடையின் கணக்கு முழுவதும் இருக்கும் கணினியில் அந்தக் கதவைத் திறந்துவைக்க யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கரூர் கிளையில் இருப்பவரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். உங்கள் கோப்பு மூடியிருக்கும் நேரத்தில் அவர் தம் ஷீட்டின் நடுவில் ஒரு புதிய பத்தியைச் சேர்த்தால், உங்கள் ஃபார்முலா அதை அறியாது. தொகைப் பத்தி ஓரிடம் தள்ளிப்போயிருக்கும், நீங்களோ மீட்டர் கணக்கைக் கூட்டிக்கொண்டிருப்பீர்கள். பிழை எதுவும் காட்டாது. புதிய பத்தி வேண்டுமென்றால் கடைசியில் சேர்க்கச் சொல்லுங்கள். அல்லது கரூர் கோப்பில் அந்த இரண்டு பகுதிகளுக்கும் ‘டிஃபைன் நேம்’ மூலம் பெயர் வைத்து, ஃபார்முலாவில் அந்தப் பெயர்களைப் பயன்படுத்துங்கள். பத்தி நகர்ந்தாலும் பெயர் கூடவே நகரும்.

கிளைகள் கூடி, கோப்புகள் நான்கைந்து ஆகிவிட்டால் சம்ப்ராடக்ட் மெதுவாகும். அப்போது டேட்டா மெனுவிலுள்ள பவர் க்வெரிக்கு மாறுங்கள். அது எக்செல் 2016 முதல் உடன்வருகிறது, மூடிய கோப்புகளைச் சிக்கலின்றிப் படிக்கும், ‘ரெஃப்ரெஷ்’ கொடுத்தால் போதும்.

ஏப்ரலில் புது ஆண்டுக் கோப்பு தொடங்கும்போது ஃபார்முலாக்களை மறுபடி எழுத வேண்டாம். ‘எடிட் லிங்க்ஸ்’ உள்ளேயே ‘சேஞ்ச் சோர்ஸ்’ கொடுத்துப் புதிய கோப்பைக் காட்டினால் எல்லாச் செல்களும் அதற்கு மாறிவிடும், ஷீட்டின் பெயரும் பத்திகளின் வரிசையும் பழையபடியே இருக்கும் வரை.