ரோபோ வந்த பிறகும் கடல் ஆராய்ச்சிக்கு டைவர் எதற்கு?

கேட்டவர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் ஒரு அப்பா. மகள் டர்பனில் கடல் உயிரியல் படிக்கிறாள். ஆராய்ச்சிக்கு முக்குளிப்புப் பயிற்சி எடு என்கிறார்களாம். "கேமராவும் ரோபோவும் இருக்கும் காலத்தில் பிள்ளை ஏன் நேரில் இறங்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

அண்ணா, இந்தக் கடற்கரையில் ஆய்வுக்குழுக்களோடு இறங்கும் டைவர் நான். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் நல்ல தரவு வேண்டும் என்றால் சில வேலைகளுக்குப் பயிற்சி பெற்ற ஆள் இறங்கித்தான் ஆகவேண்டும். அப்படி இறங்குபவரை ஆய்வின் ஒரு பகுதியாகவே எண்ண வேண்டும் என்பது என் கருத்து.

டர்பனுக்கு வடக்கே உள்ள சோட்வானா வளைகுடாவின் பவளத்திட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். டர்பனின் கடலியல் ஆராய்ச்சி நிறுவனம் 1993 முதல் அங்கே குறிப்பிட்ட சில இடங்களையே திரும்பத் திரும்பப் படமெடுத்து வருகிறது, நீரின் வெப்பநிலையையும் பதிவு செய்கிறது. கேட்க எளிதாக இருக்கும். பாசி மூடிய அடையாளக் கம்பியைத் தேட வேண்டும், படமெடுக்கும் பரப்பைக் காட்டும் சட்டகத்தை முன்பு வைத்த அதே இடத்தில் வைக்க வேண்டும், பதிவுக் கருவியை மாற்ற வேண்டும். இத்தனையும் அலை முன்னும் பின்னும் இழுக்கும்போது, பக்கத்தில் ஒரு பவளக்கிளைகூட முறியாமல் நடக்க வேண்டும். சட்டகம் ஒரு சாண் தள்ளிப்போனால் பவளம் வளர்ந்ததா செத்ததா என்ற கணக்கே குழம்பிவிடும். நிதானமாக மிதக்கத் தெரிந்த ஒருவரின் கைக்கு இணையான கருவியை நான் இதுவரை பார்க்கவில்லை.

கண்ணுக்கும் பழக்கம் வேண்டும். நீருக்குள் முகமூடி வழியே பார்த்தால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். மீனின் நீளத்தைக் கண்மதிப்பாகக் குறிப்பவர், அளவு தெரிந்த மாதிரி மீன்களை நீருக்குள் வைத்துப் பழகியிருக்க வேண்டும். சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு நிறம் மங்கத் தொடங்கும். அதனால் பவளம் வெளுத்திருக்கிறதா என்று பார்க்கும்போது வண்ண அட்டையையும் சேர்த்துப் படமெடுப்போம்.

பெரிய தட்டுப்பாடு நேரம்தான். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல் நான்கு மடங்கு. சாதாரணக் காற்றோடு இறங்கினால், உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்காக மேலே வரும் வழியில் நின்று நின்று வரவேண்டிய நிலை வராமல் இருக்க, சுமார் 20 நிமிடத்துக்குள் கிளம்ப வேண்டும். அதனால் ஆய்வாளர் எத்தனை கேள்வி வைத்திருந்தாலும், படகு கிளம்புமுன் அவற்றை அந்த 20 நிமிடத்துக்கு வெட்டிச் சுருக்கிவிட வேண்டும். இந்த வெட்டுவதில்தான் அனுபவமுள்ள டைவரின் பேச்சுக்கு ஆய்வாளர் காதுகொடுக்க வேண்டும்.

மனிதரும் இயந்திரமும் வேலையை எங்கே பிரித்துக்கொள்கிறார்கள் என்பதற்கு நம் ஊர்க் கடலிலேயே ஒரு கதை இருக்கிறது. அழிந்துவிட்டதாக நினைத்திருந்த சீலகாந்த் மீன் 1938-இல் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுக நகரின் பக்கம் இழுவலையில் கிடைத்தது. அந்த ஊர் அருங்காட்சியகத்தின் மார்ஜரி கோர்ட்னே-லாட்டிமர் அது வழக்கமான மீன் இல்லை என்று கவனித்துக் காப்பாற்றி வைத்தார். டர்பன் விரிகுடாவில் நம் முன்னோர் வலை இழுத்த காலத்திலும் அப்படித்தான்: வலை மீனைக் கொண்டுவரும், அது எப்படி வாழ்ந்தது என்று சொல்லாது. 1987-இல் ஜெர்மன் ஆய்வாளர் ஹான்ஸ் ஃபிரிக்கேயின் குழு கொமொரோஸ் தீவுகளின் கடலில் நீர்மூழ்கியிலிருந்து சீலகாந்தை அதன் வாழிடத்திலேயே முதன்முறை பார்த்தது.

அப்புறம் 2000 அக்டோபரில் பீட்டர் வென்டர் என்ற டைவர் சோட்வானாவில் 104 மீட்டர் ஆழத்தில், ஒரு பாறை விளிம்பின் கீழே அதைக் கண்டார். ஹீலியம் கலந்த மூச்சுக்காற்றோடுதான் அங்கே போக முடியும். அடுத்த மாதமே குழு கேமராவோடு திரும்பிப்போய் படம் எடுத்தது. அந்த முயற்சியில் டென்னிஸ் ஹார்டிங் உயிரிழந்தார். அவர்கள் கொண்டுவந்த படம்தான் 2002-இல் தொடங்கிய பெரிய ஆய்வுத்திட்டத்துக்கு வழி திறந்தது. அதன்பின் நீண்ட நேரத் தேடலை 'யாகோ' நீர்மூழ்கி பார்த்துக்கொண்டது; அதுதான் சரி. 2013-இல் பிரெஞ்சு டைவர் லாரன் பல்லெஸ்டாவின் குழு, வெளிவிடும் மூச்சைச் சுத்தம் செய்து மறுபடி தரும் ரீப்ரீதர் கருவியோடு 120 மீட்டர் வரை இறங்கி, அந்த மீனின் அசைவை மிக அருகில் படமெடுத்தது. அந்த ஆழத்தில் சிறிது நேரம் இருந்தாலே மேலே வர மணிக்கணக்காகும்.

உங்கள் மகளை யாரும் அங்கே அனுப்பப் போவதில்லை. தென்னாப்பிரிக்காவில் ஆராய்ச்சிக்காக இறங்குவதையும் சட்டம் ஒரு தொழிலாகவே பார்க்கிறது. தொழிலாளர் துறையின் முக்குளிப்பு விதிகளுக்கு உட்பட்டது. சுற்றுலா டைவிங் அட்டை போதாது. மருத்துவத் தகுதிச் சான்று, தொழில்முறை வகுப்புச் சான்றிதழ், படகில் ஒரு சூப்பர்வைசர் எல்லாம் வேண்டும். அமெரிக்காவில் 1982 முதல் அறிவியல் முக்குளிப்புக்கு வணிக முக்குளிப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு. நம் முறையில் தாளும் கையெழுத்தும் அதிகம், மாணவர்கள் சலித்துக்கொள்வார்கள். எனக்கு இந்த முறைதான் பிடித்திருக்கிறது. "இன்று இறங்க வேண்டாம்" என்று சொல்ல ஒருவருக்கு அதிகாரம் இருக்கிறது. பேராசிரியரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? அவள் சேரும் குழுவிடம் நேராகக் கேளுங்கள். சூப்பர்வைசர் யார்? படகில் ஆக்சிஜன் இருக்கிறதா? உடனே இறங்கத் தயாராக இன்னொரு டைவர் மேலே நிற்பாரா? வேகமாக மேலே வந்து பாதிக்கப்பட்டவருக்கான அழுத்தச் சிகிச்சை அறை அருகில் எங்கே, அங்கே போக எவ்வளவு நேரம்? தயங்காமல் பதில் சொல்லும் குழு என்றால் அனுப்பி வையுங்கள். மழுப்பினால் வேறு குழுவைத் தேடச் சொல்லுங்கள்.