77 கெல்வினில் தெரியும் பூச்சிய உச்சி எதைக் காட்டுகிறது?

கேள்வி: வை.பி.சி.ஓ. (YBCO என்ற உயர்வெப்பநிலை மீகடத்தி) வில்லையில் தங்க ஊசியை அழுத்தி, திரவ நைதரசனில் அளந்தேன். பூச்சிய வோல்ற்றளவில் கடத்துதிறன் உச்சி வருகிறது. மேற்பரப்பில் கட்டுண்ட நிலை (இலத்திரன் சிறைப்பட்டிருக்கும் சக்தி நிலை) இருக்கிறது என்று அறிக்கையில் எழுதலாமா?
– பௌதிக மாணவர், திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

பதில்: எழுத வேண்டாம்.

இந்த மீகடத்தி டி-அலை வகை. திசை மாறும்போது இலத்திரன் சோடியின் குறியும் மாறும். பளிங்கின் 110 முகத்தில் (எண்கள் முகத்தின் திசையைக் குறிக்கும்) மோதித் திரும்பும் இலத்திரன் எதிர்க்குறியைச் சந்திப்பதால் பூச்சிய சக்தியில் ஒரு நிலை அங்கே சிறைப்படுகிறது. இதை 1994இல் பௌதிகவியலாளர் ஹு கோட்பாட்டளவில் காட்டினார். சீரான 100, 001 முகங்களில் அது வராது. உங்கள் வில்லையிலோ பளிங்கு மணிகள் தாறுமாறான திசைகளில் கிடக்கின்றன.

அதைவிடப் பெரிய தடை வெப்பம். டனலிங் (மெல்லிய தடுப்பை இலத்திரன்கள் ஊடுருவிச் செல்லல்) அளவீட்டில் எந்த நுண்கூறும் ஏறத்தாழ 3.5 kT (போல்ற்ஸ்மன் மாறிலி, வெப்பநிலை ஆகியவற்றின் பெருக்கத்தின் 3.5 மடங்கு) அகலத்துக்குப் பூசப்படும். 77 கெல்வினில் அது 23 மில்லிஇலத்திரன்வோல்ற்று. மீகடத்தியின் சக்தி இடைவெளியே (இலத்திரன் சோடியைப் பிரிப்பதோடு தொடர்புடைய சக்தி) 20 அளவில்தான்! நைதரசனைப் பம்ப் செய்தாலும் 63 கெல்வினில் உறைந்துவிடும். திரவ நைதரசனில் இந்த அகலம் 19க்குக் கீழே போக வழியில்லை. 4.2 கெல்வினில் இது 1.3 ஆகச் சுருங்கும்.

அப்படியானால் நீங்கள் கண்டது? பெரும்பாலும் மணிகளுக்கிடையிலான பலவீன இணைப்புகளின் அவதி மின்னோட்டம் (தடையின்றிப் பாயக்கூடிய உச்ச மின்னோட்டம்). உச்சியின் இருபுறமும் பள்ளம் இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஊசியை அழுத்தித் தொடுகைத் தடையை மாற்றுங்கள்: பள்ளங்கள் வோல்ற்றளவில் நகர்ந்தால் அது சக்தி இடைவெளி சார்ந்ததல்ல. அடுத்து, குடுவையருகே ஒரு சிறு காந்தத்தைக் கொண்டுபோங்கள். சில மில்லிரெஸ்லா புலமே இவ்விணைப்புகளின் மின்னோட்டத்தைக் குறைத்துவிடும்; உச்சி தாழ்ந்தால் விடை கிடைத்தது. இணைப்பு நான்கு கம்பி முறையில் இருக்கட்டும், ஊசிக்கு இரண்டு, வில்லைக்கு இரண்டு. இல்லாவிட்டால் கம்பித் தடையும் தொடராகச் சேரும்.

மேற்பரப்பையும் கவனியுங்கள். நம்மூர் ஈரக்காற்று, அதுவும் கார்த்திகை மழையில், வை.பி.சி.ஓ.வைச் சிதைத்து பேரியம் காபனேற்றுப் படலம் உண்டாக்கும். சூளையிலிருந்து எடுத்ததும் சிலிக்கா ஜெல் உள்ள உலர்த்தியில் வையுங்கள். நைதரசனிலிருந்து எடுத்தவுடன் திறந்த காற்றில் விட்டால் பனித்துளி படியும்; மூடிய உலர் பெட்டியில் சூடேற விடுங்கள். தேய்க்கத் தண்ணீர் வேண்டாம், உலர் எமரித்தாள் போதும். ஊசிக்கு இந்தியமோ அலுமினியமோ ஆகாது, இரண்டும் ஒட்சிசனைப் பறிக்கும். தங்கம் சரியான தெரிவு.

கடைசியாக 92 கெல்வினைத் தாண்டிச் சூடேற்றியும் அளவிடுங்கள். அப்போதும் உச்சி நின்றால், அதற்கு மீகடத்தலோடு சம்பந்தமே இல்லை. ஊசிக்கும் வில்லைக்கும் இடையிலான தடுப்புப் படலத்திலுள்ள காந்த மாசுகளைச் சந்தேகியுங்கள்.