பத்து இடத்தில் தலா ஐந்து சதவீதம் என்றால் ஐம்பது ஆகிவிடாது

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

மகளை அமெரிக்காவில் படிக்க வைக்க நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். பத்துப் பல்கலைக்கழகம், எல்லாவற்றிலும் கணினி அறிவியல், ஒவ்வொன்றின் பக்கத்திலும் இடம் கிடைக்கும் வாய்ப்பு என்று பென்சிலால் 5%. கடைசியில் கோடு போட்டுக் கூட்டி "எப்படியும் 50%" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தக் கூட்டலைப் பேசிவிடுவோம்.

பத்து இடமும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று வைத்துக்கொண்டால்கூட, ஓரிடமாவது கிடைக்க 40%தான் வரும். அந்தக் கணக்கும் லாட்டரிச் சீட்டுக்குத்தான் சரி. இங்கே பத்து இடத்துக்கும் போவது அதே மார்க் பட்டியல், அதே கட்டுரை, அதே ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம். ஓரிடத்தில் கட்டுரை சப்பென்று பட்டால் அடுத்த இடத்திலும் அப்படியே படும். ஒரு பிள்ளைக்கு நான்கு இடம் கிடைக்க, அதே மார்க் வாங்கிய இன்னொரு பிள்ளைக்குப் பத்தும் கைவிட்டுப் போவது இதனால்தான்.

அந்த 5% யாருடையது என்பதையும் பாருங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) 2024இல் சேர விண்ணப்பித்தவர்கள் 28,000க்கும் மேல்; இடம் கிடைத்தது 1,300க்கும் குறைவானவர்களுக்கு. சுமார் 4.5%. இது எல்லோரையும் சேர்த்த கணக்கு. உங்கள் மகளைப் போல வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் அதில் பாதிகூட இல்லை.

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வில் மகளுக்கு 1560. நல்ல மார்க். அதை 1590 ஆக்க இன்னொரு முறை எழுத வைக்க வேண்டாம், ப்ளீஸ். ஹார்வர்டு பல்கலைக்கழகம் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை எதிர்த்த வழக்கில் வெளிவந்த ஒரு கணக்கு இருக்கிறது. 2015இல் சேர்ந்த மாணவர் அணிக்கு அமெரிக்க மாணவர்கள் மட்டும் சுமார் 26,000 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் எஸ்.ஏ.டி. கணிதத்தில் முழு மார்க் வாங்கியவர்கள் 3,400க்கும் மேல். பள்ளியில் முழு மார்க் சராசரி உள்ளவர்கள் 8,000க்கும் மேல். இருந்த இடமோ சுமார் 2,000. இந்த அளவைத் தாண்டிவிட்டால் மார்க் விண்ணப்பத்தைத் திறந்து பார்க்க வைக்கும், அவ்வளவுதான். எம்.ஐ.டி. 2022இல் எஸ்.ஏ.டி.யை மறுபடி கட்டாயமாக்கியது. உங்கள் பட்டியலில் மூன்றாவதாக இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லியோ அதைப் பார்ப்பதே இல்லை. 1590 எடுத்தாலும் அங்கே பைசாவுக்குப் பிரயோஜனம் கிடையாது.

சரி, வாய்ப்பை எதை வைத்து எடைபோடுவது? நான் முதலில் பார்ப்பது, எந்த வாசல் வழியாக உள்ளே விடுகிறார்கள் என்பதைத்தான். எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு போன்ற இடங்களில் பல்கலைக்கழகத்துக்குத்தான் அனுமதி. உள்ளே போனபின் கணினி அறிவியலை எடுத்துக்கொள்ளலாம். கார்னெகி மெலனில் அப்படி இல்லை. கணினி அறிவியலுக்கென்றே தனிக் கல்லூரி, அதற்குத் தனித் தேர்வு. பல்கலைக்கழகத்தின் மொத்தச் சதவீதத்தைப் பார்த்து நிம்மதி அடைந்தால் ஏமாந்து போவோம். அந்தக் கல்லூரியின் சதவீதம் அதைவிட ரொம்பக் கீழே.

பெர்க்லி கதை வேறு. முன்பெல்லாம் கலை அறிவியல் கல்லூரியில் ஏதோ ஒரு பாடத்தில் சேர்ந்துவிட்டு, அடிப்படைப் பாடங்களில் 4க்கு 3.3 சராசரி எடுத்தால் கணினி அறிவியலை முதன்மைப் பாடமாக அறிவித்துக்கொள்ளலாம். 2023இல் சேர்ந்த அணியிலிருந்து அந்த வழியை மாற்றிவிட்டார்கள்; இப்போது விண்ணப்பிக்கும்போதே அந்தப் பாடத்துக்கென்று தேர்வாக வேண்டும். இன்றைக்கும் "முதலில் தத்துவத்தில் நுழைந்துவிடு, அப்புறம் மாறிக்கொள்ளலாம்" என்று சொல்லும் அண்ணன்மார்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் படித்த காலத்தைச் சொல்கிறார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகம், இல்லினாய் அர்பானா-ஷாம்பேன் இரண்டிலும் வெளியிலிருந்து கணினி அறிவியலுக்குத் தாவும் வழி கிட்டத்தட்ட மூடியே கிடக்கிறது. ஆனால் இல்லினாயில் கணினி அறிவியலை மொழியியலோடு, வானியலோடு, பொருளாதாரத்தோடு சேர்த்துப் படிக்கும் பட்டங்கள் இருக்கின்றன. உங்கள் மகள் மொழியியல் ஒலிம்பியாடுக்குத் தயாராகிறாள் என்று கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அதுதான் முதல் வரியில் வந்திருக்க வேண்டும்.

அடுத்தது பணம். இதைக் கேட்க எல்லோருக்கும் கூச்சம், ஆனால் முடிவை மாற்றுவது இது. எம்.ஐ.டி., ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல் ஆகியவை வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டாரா என்று பார்க்காமல் தேர்ந்தெடுத்து, தேவையான உதவியையும் தருகின்றன. ஸ்டான்ஃபோர்டில் உதவி கேட்பது தேர்வையே பாதிக்கலாம். அதற்குப் பயந்து விண்ணப்பத்தில் "வேண்டாம்" என்று போட்டுவிட்டால் பிறகு நான்கு ஆண்டும் கேட்க முடியாது. கார்னெகி மெலன் வெளிநாட்டு இளநிலை மாணவருக்கு நிதியுதவி தருவதே இல்லை. முழுச் செலவும் கையிலிருந்து என்றால் முடியுமா? முடியாதென்றால் அந்தப் பெயரை இன்றே அடித்துவிடுங்கள். அட்மிஷன் கிடைத்தபின் வேண்டாம் என்று சொல்ல வைப்பது பிள்ளைக்கு இன்னும் கஷ்டம்.

இனி மகளின் செயல்பாட்டுப் பட்டியல். பல பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் பத்துச் செயல்பாடுகளுக்குத்தான் இடம், ஒவ்வொன்றையும் விளக்க 150 எழுத்து. அவள் அதில் ஆறு கட்டத்தை இணையப் படிப்புச் சான்றிதழ்களால் நிரப்பியிருக்கிறாள். எட்டாவது கட்டத்தில் "நூலக உதவியாளர், மென்பொருள் பணி" என்று நான்கே சொல். அது என்ன என்று அவளிடம் தொலைபேசியில் கேட்டேன். பள்ளி நூலகத்தில் ஒரே புத்தகம் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் பதிவாகி, இருக்கிற புத்தகத்தையே மறுபடி வாங்கிக்கொண்டிருந்தார்களாம். ஒலியை வைத்து ஒத்துப்பார்த்து இரட்டைப் பதிவுகளைப் பிடிக்கும் ஒரு சின்ன நிரலை இவள் எழுதியிருக்கிறாள். முதல் முறை ஓட்டியபோது வெவ்வேறு புத்தகங்களையும் ஒன்றாக்கிவிட்டதாம். இரண்டு நாள் உட்கார்ந்து கையால் பிரித்திருக்கிறாள். நூலகர் இன்றைக்கும் அதைப் பயன்படுத்துகிறார். இருபது நிமிடம் நிறுத்தாமல் பேசினாள். மொழியும் நிரலும் ஒன்றாகச் சேர்ந்த இந்த விஷயத்தை எட்டாவது கட்டத்தில் ஒளித்துவைத்துவிட்டு ஆறு சான்றிதழை முன்னால் நிறுத்தியிருக்கிறாள்!

பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தை வெளியிடும். அதில் சி7 என்ற அட்டவணையைத் திறந்து பாருங்கள். எதற்கு எவ்வளவு மதிப்பு என்று அவர்களே குறித்திருப்பார்கள். எம்.ஐ.டி. அதில் "மிக முக்கியம்" என்று குறித்திருப்பது ஒன்றே ஒன்றை: குணநலன். மார்க்குக்கு அதற்கு அடுத்த படிதான்.

கட்டுரை எழுதுவதைவிடக் கணக்குப் போடுவது அவளுக்குச் சுலபம் என்றால் பிரிட்டனையும் யோசிக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் கணிதத் தேர்வையும் நேர்காணலையும் வைத்துத்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. ஒரே ஆண்டில் இரண்டுக்கும் விண்ணப்பிக்க முடியாது. கடைசி நாள் அக்டோபர் 15. நுழைவுத் தேர்வுக்குப் பதிவு செய்யும் கெடு அதற்கும் முன்னாலேயே முடிந்துவிடும்.

இந்த வாரம் இரண்டு வேலை. பட்டியலில் எட்டு கனவுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதை நான்காக்கி, அவளுக்கு இடம் கிடைக்கும் என்று நாம் நம்பக்கூடிய, செலவும் தாங்கக்கூடிய மூன்று பெயரைச் சேர்த்து அனுப்புங்கள். அந்த மூன்றில் ஒன்றையாவது அவளே தேடிப் பிடித்துச் சொல்லட்டும். அப்புறம், நூலக நிரலைப் பற்றி அவளை 150 எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் திருத்த வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.