நான் அனுப்பிய பிழைத்திருத்தத்தை ஏன் பதிலில்லாமல் மூடினார்கள்?

கேள்வி: கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வாடிக்கையாளரான ஒரு நூற்பாலைக்கு நாங்கள் பராமரித்துத் தரும் கணக்கு மென்பொருள், ஒரு பெரிய நிறுவனம் நடத்தும் ஓப்பன் சோர்ஸ் (நிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் கூடிய) தரவுத்தளத்தின் மீது இயங்குகிறது. அதற்காக ஆலை ஆண்டுக் கட்டணமும் செலுத்துகிறது. அந்தத் தரவுத்தளத்தில் தேதிக் கணக்கு தவறுவதைக் கண்டுபிடித்து, ஏழு வரிகளில் திருத்தி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்) அனுப்பினேன். உடனே ஒரு பாட் (தானியங்கி நிரல்) ஏதோ ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டது. பயந்துபோய் விட்டுவிட்டேன். நான்கு மாதம் கழித்து, ஒரு மனிதர்கூடப் பார்க்காமல், அது மூடப்பட்டுவிட்டது. என் திருத்தம் தவறா? கையெழுத்துப் போட்டால் என் உரிமை போய்விடுமா? 18,000 ரூபாய் கொடுத்தால் 'மெர்ஜ்' (திருத்தத்தை மூல நிரலில் சேர்ப்பது) வாங்கித் தருவதாக ஒரு பயிற்சி மையத்தில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? அதுவரை எங்கள் சர்வரில் அந்தத் திருத்தத்தை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள். காரணத்தைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்; முதலில் உங்கள் மனத்தை அரிக்கும் கேள்விக்கு வருவோம். உங்கள் திருத்தம் சரியா தவறா என்பதை அந்த மூடப்பட்ட பக்கத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஏனென்றால், நிறுவனங்கள் நடத்தும் திட்டங்கள் பலவற்றில் உண்மையான வேலை அந்தப் பக்கத்தில் நடப்பதே இல்லை.

மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் நல்ல உதாரணம். 2008-இல் சன் நிறுவனத்திடமும், 2010-இல் சன்னையே வாங்கிய ஆரக்கிளிடமும் அது போய்ச் சேர்ந்தது. அதன் நிரல் கிட்ஹப்பில் எல்லோருக்கும் கிடைக்கிறது. ஆனால் நீண்ட காலமாக அதன் பொறியாளர்கள் நிறுவனத்துக்குள் இருக்கும் வேறொரு நிரல் களஞ்சியத்தில்தான் வேலை செய்துவந்திருக்கிறார்கள்; புதிய பதிப்பு வெளியாகும்போதுதான் நிரல் கிட்ஹப்புக்கு வந்து சேரும். வெளியாள் ஒருவர் அங்கே புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால், பங்களிப்பாளர் ஒப்பந்தம் இருக்கிறதா என்று பாட் கேட்கும். இருக்கிறது என்று அவர் உறுதி செய்தால், நிரல் அவர்களுடைய பிழைப் பதிவேட்டுக்குப் போய், அதற்கு ஓர் எண் கிடைத்து, புல் ரிக்வெஸ்ட் மூடப்படும். அவர் பதில் சொல்லாவிட்டாலும் புல் ரிக்வெஸ்ட் மூடப்படும். முன்னது வரிசையில் இடம் கிடைத்ததற்கு அடையாளம். பின்னது வாசலிலேயே நின்றுபோனதற்கு அடையாளம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதுதான் கொடுமை. செயற்கை நுண்ணறிவு நிரல்களுக்கான பைடார்ச் திட்டத்திலும் ஏற்கப்பட்ட திருத்தங்கள் 'மூடப்பட்டது' என்ற நிறத்தில்தான் தெரியும். ஏற்கப்பட்டது என்பதை அதன்மேல் ஒட்டிய சிறு குறிச்சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுடையது வாசலில் நின்றுபோன வகை. கையெழுத்தில்லாத நிரலைத் திறந்து பார்க்கவே பல நிறுவனங்களில் பொறியாளருக்கு அனுமதி கிடையாது. ஆகவே உங்கள் ஏழு வரிகளை இதுவரை யாரும் படித்திருக்க மாட்டார்கள் என்றே கருதுகிறேன்.

இந்த இடத்தில் என் பொறுமை போகிறது. 'சமூகத்தின் பங்களிப்பை வரவேற்கிறோம்' என்று முகப்பில் எழுதும் நிறுவனம், ஏன் மூடுகிறோம் என்பதை இரண்டு வாக்கியத்தில் எழுத ஓர் ஆளை வைப்பதில்லை. அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று எண்ணிக்கொண்டு அசைவில்லாததை எல்லாம் மூடும் பாட்டை வைப்பது, குப்பையை அகற்றுவதுபோல மனிதர்களின் உழைப்பை அகற்றுவதாகும். அந்தப் பிழை நான்கு மாதத்துக்கு முன்பும் இருந்தது, இன்றும் இருக்கிறது. பதில் சொல்லும் கடமை அவர்களுடையதாக இருக்கும்போது, மௌனத்தை உங்கள் பெயரில் எழுதுவது நியாயமே இல்லை.

இனி அந்த ஒப்பந்தம். நீங்கள் பயப்பட்டதில் தவறில்லை. ஆனால் படிக்காமல் ஒதுங்கியதுதான் நஷ்டம். இவற்றில் இரண்டு வகை உண்டு. அப்பாச்சி அறக்கட்டளையும் கூகுளும் கேட்பது பயன்பாட்டு உரிமம் மட்டும்: நிரல் உங்களுடையதாகவே இருக்கும், அவர்கள் பயன்படுத்தவும் பரப்பவும் அனுமதி பெறுகிறார்கள். ஆரக்கிள் கேட்பது அதைவிட ஒரு படி மேலே: உங்கள் பங்களிப்பில் அவர்களுக்கும் சம உரிமை. கூட்டுப் பட்டா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் கூட்டுப் பட்டாவில் ஒருவர் மற்றவரைக் கேட்காமலே தன் விருப்பப்படி விற்கலாம். அதே நிரலை ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் இலவசமாகவும், தனி உரிமத்தில் விலைக்கும் கொடுக்கும் வியாபாரத்துக்கு அந்த உரிமை தேவைப்படுகிறது. இரண்டு வகையிலும் உங்கள் நிரலை நீங்கள் வேறெங்கும் பயன்படுத்தத் தடை வராது. ஆகவே 'உரிமை போய்விடுமா' என்ற கேள்விக்குப் பதில்: போகாது, பங்குபோடப்படும்.

நாளைக்கு அவர்கள் உரிமத்தையே மாற்றினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மாற்றியிருக்கிறார்கள். மாங்கோடிபி என்ற தரவுத்தள நிறுவனம் 2018 அக்டோபரில் மாற்றியது. ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில் டெராஃபார்ம் என்ற தன் கருவியை ஓப்பன் சோர்ஸ் உரிமத்திலிருந்தே வெளியே எடுத்தது. வெளியாட்களிடம் முன்பே பெற்றிருந்த அனுமதிகள் அத்தகைய மாற்றத்துக்கு வழியை எளிதாக்கும். ஏழு வரிக்கு அந்த விலையைத் தயங்காமல் கொடுக்கலாம் என்பது என் கருத்து. ஆறு மாதம் உழைத்து ஒரு புதிய வசதியையே எழுதிக் கொடுப்பதாக இருந்தால் நன்றாக யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் திட்டம் இந்தப் பத்திரம் எதையும் கேட்பதில்லை. தன் நிரலை லினக்ஸில் சேர்த்துவிட்டதாக ஐபிஎம் மீது எஸ்சிஓ நிறுவனம் 2003-இல் வழக்குப் போட்ட பிறகு, 2004 முதல், 'இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு' என்று ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் பெயரோடு ஒரு வரி எழுதினால் போதும் என்ற வழக்கத்தை அங்கே வைத்துக்கொண்டார்கள்.

'கொடுக்க எனக்கு உரிமை உண்டு' என்ற சொற்களில்தான் உங்களைப் போன்றவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்; இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். நிரலை எழுதியவரே அதற்கு உரிமையாளர் என்பது பொது விதி. ஆனால் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கருதுகிறது. அதன் 17-ஆம் பிரிவின்படி, பணி ஒப்பந்தத்தின் கீழ் வேலையின் ஊடாகச் செய்த படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாத வரையில், முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவர். நீங்கள் பிழையைக் கண்டது அலுவலக வேலையில். திருத்தியதும் அந்த வேலைக்காகவே. ஆகவே அந்த ஏழு வரிகள் உங்கள் நிறுவனத்துக்கு உரியவை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 'வீட்டில், இரவில், என் சொந்த லேப்டாப்பில் எழுதினேனே' என்பது தப்பிக்கும் வழி என்று பலர் நினைக்கிறார்கள். எந்த மேசையில் எழுதினீர்கள் என்பதைவிட, எந்த வேலையின் பகுதியாக எழுதினீர்கள் என்பதே முக்கியம்; போதாததற்குப் பணி நியமன ஆணையில் இதைவிட விரிவான வாசகமும் இருக்கக்கூடும். எடுத்துப் பாருங்கள்.

இன்னும் சிக்கலான நிலையில் சிலர் இருக்கிறார்கள். சம்பளம் தருவது ஒரு கன்சல்டன்சி, உட்கார்ந்திருப்பது ஒரு சேவை நிறுவனத்தில், வேலை நடப்பது வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு. இந்த மூவரில் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை அவர்களுக்கிடையே உள்ள ஒப்பந்தங்கள் தீர்மானிக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட ஊழியர் பார்த்திருக்க மாட்டார். அந்த நிலையில் தனிநபராகக் கையெழுத்திடவே கூடாது. மாறாக, சம்பள ஊழியராக இல்லாமல் தனியாக வேலை எடுத்துச் செய்பவர் பெரும்பாலும் தானே உரிமையாளர். உரிமையை மாற்றிக் கொடுத்ததாக எழுத்தில் கையெழுத்திடாத வரையில் அது அவரிடமே இருக்கும். உங்கள் விஷயத்தில் செய்ய வேண்டியது எளிது. 'இந்தத் திட்டத்துக்குப் பிழைத்திருத்தங்களை அனுப்ப இவருக்கு அனுமதி உண்டு' என்று உங்கள் மேலாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் பெற்றுக்கொண்டு, நிறுவனத்துக்கென்று தனிப் படிவம் இருந்தால் அதை நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திட அதிகாரம் உள்ளவரைக் கொண்டு நிரப்புங்கள். அனுமதி பெற்றிருக்கிறேன் என்று பெறாமலே உறுதியளித்துவிட்டால், பிற்காலத்தில் உங்கள் வேலைக்குத்தான் ஆபத்து.

இப்போது அந்த 18,000 ரூபாய். பத்திரப்பதிவு அலுவலக வாசலில் நிற்கும் தரகரைப் பார்த்திருப்பீர்கள். அவர்களாவது உள்ளே இருக்கும் யாரையாவது தெரிந்து வைத்திருப்பார்கள். மெர்ஜ் வாங்கித் தருகிறோம் என்பவர்களுக்கு உள்ளே யாரையும் தெரியாது. அவர்கள் செய்யக்கூடியவை மூன்று. உங்கள் திருத்தத்தைத் தங்கள் கணக்கிலிருந்து அனுப்பி, உரிமையே இல்லாதவர் பெயரில் ஒப்பந்தத்தை ஏற்பார்கள். அல்லது உங்கள் கிட்ஹப் கணக்கின் டோக்கனை (கடவுச்சொல் போன்ற சாவியை) கேட்பார்கள். அதைக் கொடுத்தால் உங்கள் நிறுவனத்தின் தனிக் களஞ்சியங்களும் அவர்களுக்குத் திறந்துவிடக்கூடும். அல்லது பத்துக் கணக்குகளிலிருந்து 'இதைச் சீக்கிரம் சேருங்கள்' என்று கருத்துப் போட்டு நெருக்குவார்கள். இந்த மூன்றாவதுதான் உங்களுக்கு நிரந்தரக் கேடு. எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியில் பின்வாசல் (ரகசிய நுழைவழி) வைக்கப்பட்டிருந்தது 2024 மார்ச்சில் வெளிப்பட்டது நினைவிருக்கலாம். அதை வைத்தவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நல்ல திருத்தங்களை அனுப்பி நம்பிக்கை பெற்றவர். அவருக்கு இடம் கொடுக்கச் சொல்லித் தனியொருவராகப் பராமரித்துவந்தவரை நெருக்கியவை, முன்பின் தெரியாத கணக்குகள். அன்றிலிருந்து, அறியாத பெயர்கள் கூட்டமாக வந்து அவசரப்படுத்தினால் பராமரிப்பாளர் முதலில் சந்தேகப்படுவது உங்கள் நிரலைத்தான்.

இந்த வியாபாரம் நம் பக்கத்துப் பிள்ளைகளின் பெயரையும் கெடுத்திருக்கிறது. 2020 அக்டோபரில், ஓப்பன் சோர்ஸ் பங்களிப்புக்குப் பரிசு தரும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வு நடந்தபோது, ஒரு டி-ஷர்ட்டுக்காக உலகெங்கிலுமிருந்து பொருளற்ற புல் ரிக்வெஸ்டுகள் குவிந்தன. மாதம் பிறந்த சில நாள்களிலேயே, விரும்பிச் சேரும் களஞ்சியங்களுக்கு மட்டும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அதன் பிறகும், பயிற்சி வீடியோவைப் பார்த்துவிட்டுப் பிரபலத் திட்டங்களின் அறிமுகக் கோப்பில் தங்கள் பெயரைச் சேர்த்து அனுப்பும் மாணவர்கள் குறையவில்லை. கற்றுக்கொடுப்பவர்கள் காசு வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். உண்மையான பிழையைக் கண்டு அனுப்பும் உங்களைப் போன்றவர்கள் அந்தச் சந்தேகத்தின் சுமையைத் தாங்குகிறீர்கள். ஓப்பன் சோர்ஸுக்குப் பங்களிக்க எங்கேயும் யாருக்கும் கட்டணம் கிடையாது.

உங்களிடம் பணத்தைவிட நல்ல சாவி இருக்கிறது: நூற்பாலை கட்டும் ஆண்டுக் கட்டணம். நிறுவனத் திட்டங்களில் ஒரு திருத்தத்தைச் சேர்ப்பது ஏழு வரியோடு முடிவதில்லை. ரெட் ஹாட் நிறுவனம் தன் லினக்ஸான ஆர்ஹெச்இஎல்லின் ஒரு பெரும் பதிப்பைப் பத்து ஆண்டுகள் காப்பதாக வாக்களிக்கிறது. உள்ளே வரும் ஒவ்வொரு வரியையும் அத்தனை ஆண்டுகள் சோதித்துச் சுமக்க வேண்டும். 2023 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். ஐபெர்ஃப்3 என்ற வலையமைப்பு வேகமானியில் இருந்த ஒரு பாதுகாப்புக் குறைக்கான திருத்தத்தை, அல்மாலினக்ஸ் என்ற இலவச லினக்ஸ் திட்டத்தைச் சேர்ந்த ஒருவர், ஆர்ஹெச்இஎல்லுக்கு முன்னோடிப் பதிப்பான சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீமுக்கு அனுப்பினார். இப்போதைக்கு ஆர்ஹெச்இஎல்லில் இதைச் சரிசெய்யும் திட்டமில்லை, வாடிக்கையாளர்கள் சொல்வதைப் பொறுத்துப் பரிசீலிப்போம் என்ற பொருளில் பதில் வந்தது. கண்டனம் எழுந்த பிறகே அது ஏற்கப்பட்டது. தயாராக இருந்த திருத்தத்துக்கு அப்படிப் பதில் சொன்னது தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் எந்தக் குரலுக்கு அங்கே எடை அதிகம் என்பதை அந்தப் பதில் ஒளிக்காமல் சொல்லிவிட்டது. ஆகவே ஆலையின் பெயரில் சப்போர்ட் டிக்கெட் ஒன்றைத் திறக்கச் சொல்லி, பிழை எண்ணையும் உங்கள் திருத்தத்தையும் அதில் குறிப்பிடச் செய்யுங்கள். கிட்ஹப்பில் நான்கு மாதம் கிடைக்காத மனிதரின் பதில், அங்கே ஒப்பந்தப்படி குறிப்பிட்ட காலத்துக்குள் கிடைத்தாக வேண்டும்.

அனுமதியும் ஒப்பந்தமும் கைக்கு வந்ததும் மறுபடி அனுப்புங்கள். ஆனால் திருத்தத்தை முன்னால் வைக்காதீர்கள். முதலில் இப்போதைய புதிய பதிப்பில் அந்தத் தவறு இன்னும் நிகழ்கிறதா என்று பாருங்கள். நிகழ்ந்தால், ஆலையின் தரவு எதுவும் இல்லாமல், நான்கைந்து வரிகளில் அதை யாரும் தங்கள் கணினியில் வரவழைத்துப் பார்க்கும்படி எழுதி, வர வேண்டிய விடையையும் வரும் விடையையும் அருகருகே வைத்துப் பிழையாகப் பதியுங்கள். திருத்தத்தோடு, அது இல்லாதபோது தோற்று அது இருக்கும்போது வெல்லும் ஒரு டெஸ்டையும் (சோதனை நிரலையும்) சேருங்கள். உள்ளே இருக்கும் பொறியாளர் உங்கள் ஏழு வரிகளை விட்டுவிட்டுத் தன் பாணியில் வேறு ஏழு வரிகளை எழுதக்கூடும்; அப்போதும் உங்கள் டெஸ்ட் நிலைக்கும். நீங்கள் பயன்படுத்தும் பழைய பதிப்புக்கு நேரடியாக அனுப்பாமல், புதிய வேலை நடக்கும் முதன்மைக் கிளைக்கே அனுப்புங்கள். லினக்ஸ் கெர்னலில்கூட முதன்மைக் கிளையில் சேராத திருத்தத்தை நிலைப்பதிப்புகளில் ஏற்பதில்லை. பக்கத்திலேயே கண்ணில் பட்ட வேறு அழகுபடுத்தல்களை அதோடு சேர்க்காதீர்கள். இரண்டு வாரம் பதில் இல்லாவிட்டால் ஒரே ஒரு நினைவூட்டல், அதே பிழைப் பதிவில். பொறியாளரின் தனிப்பட்ட முகவரியைத் தேடி எழுத வேண்டாம்.

அதுவரை உங்கள் சர்வரில் அந்தத் திருத்தத்தை வைத்துக்கொள்ள ஓப்பன் சோர்ஸ் உரிமம் தாராளமாக இடம் தருகிறது. ஆனால் சொந்தமாக மாற்றிய பதிப்புக்குச் சப்போர்ட் தர மாட்டோம் என்று ஆலையின் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால், நிரலுக்குள் கலந்துவிடாமல் மாற்றங்களை மட்டும் கொண்ட தனி பேட்ச் கோப்பாக வைத்து, அதன் தலையில் பிழை எண்ணையும் தேதியையும் எழுதுங்கள். ஒவ்வொரு முறை பதிப்பை உயர்த்தும்போதும், முதலில் பேட்ச் போடாமல் உங்கள் டெஸ்டை ஓட்டிப் பாருங்கள். அது வென்றால் உள்ளே யாரோ சரிசெய்துவிட்டார்கள். அன்றைக்கே அந்த பேட்ச் கோப்பை நீக்கிவிடலாம்.