உங்களிடம் இருக்கும் பழைய பொருட்களில், யார் எவ்வளவு விலை கேட்டாலும் கொடுக்க மாட்டேன் என்று நினைப்பது எது?

ஒரு பழைய செய்தித்தாள். 1956 அக்டோபர் 9, செவ்வாய்க்கிழமை தேதியிட்ட நியூயார்க் நாளிதழ். ஒரு தாள்கூடக் குறையாமல் முழுசாக இருக்கிறது.

நியூஜெர்சிக்குக் குடிவந்த புதிதில், ஒரு ஞாயிறு காலை பழைய சாமான் சந்தையில் கண்ணில் பட்டது. பேஸ்பால் அப்போது எனக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. என்னை நிற்கவைத்தது அதிலிருந்த படம். மார்புக்கவசம் கட்டிய குட்டையான ஒருவர் ஓடிவந்து, நெட்டையான ஒருவர் இடுப்பில் குழந்தை மாதிரி ஏறி உட்கார்ந்திருக்கிறார். யார் இவர்கள் என்று கடைக்காரப் பெரியவரிடம் கேட்டேன். வேறு வாடிக்கையாளர்களைக் காக்கவைத்துவிட்டு அரைமணி நேரம் சொன்னார்.

ஏறியவர் யோகி பெரா, நியூயார்க் யாங்கீஸ் அணியின் கேட்ச்சர், அதாவது நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி. தாங்கிப் பிடித்தவர் பிட்சர் டான் லார்சன், பந்து வீசுபவர். முந்தின நாள் யாங்கீ ஸ்டேடியத்தில், 64,519 பேர் பார்த்திருக்க, அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் ஐந்தாவது ஆட்டத்தில், லார்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் பேட் பிடிக்க வந்தவர்களை, இன்னிங்ஸுக்கு மூன்று பேர் என்று ஒன்பது இன்னிங்ஸிலும் வரிசையாக 27 முறை அவுட் ஆக்கியிருந்தார். ரன் எடுக்க ஓடிக் கடக்கவேண்டிய நான்கு பேஸ்களில் முதல் பேஸுக்குக்கூட ஒருவரும் போகவில்லை. அடித்துவிட்டு பேஸுக்குப் போகும் ஹிட் கிடையாது, தவறான பந்துகளால் சும்மா கிடைக்கும் வாக் கிடையாது, ஃபீல்டிங்கில் ஒரு பிழைகூடக் கிடையாது. இதற்குப் பெயர் பெர்ஃபெக்ட் கேம். வேர்ல்ட் சீரிஸில் அதற்கு முன்பும் நடந்ததில்லை, இன்றுவரை மறுபடியும் நடக்கவில்லை. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு ஓர் அளவு வேண்டுமென்றால், அதே 1956 ஜூலையில்தான் மான்செஸ்டரில் ஜிம் லேக்கர் ஒரே டெஸ்டில் 19 விக்கெட் எடுத்தார். அந்த வகைச் சாதனை.

செய்தவர் யார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். லார்சன் பெரிய நட்சத்திரம் இல்லை. 1954இல் பால்டிமோர் அணிக்கு ஆடியபோது 3 ஆட்டங்களில் வென்று 21இல் தோற்றவர். இதே தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் அணி 6-0 என்று முன்னிலையில் இருந்தும், இரண்டாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் அவரை வெளியே எடுத்துவிட்டார்கள். ஐந்தாவது ஆட்டத்தன்று தனக்கு வாய்ப்பு வரும் என்று அவருக்கே தெரியாது. காலையில் உடை மாற்றும் அறைக்கு வந்து பார்த்தால், அவருடைய ஷூவுக்குள் பந்து இருந்தது. நீதான் இன்று வீசப்போகிறாய் என்பதற்கு அந்த அணியில் அதுதான் அடையாளம்.

97 பந்துகள் வீசினார். ஆட்டம் 2 மணி 6 நிமிடத்தில் முடிந்துவிட்டது. நடுவில் எல்லாமே கைநழுவிப் போயிருக்கும். இரண்டாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் ஜாக்கி ராபின்சன் அடித்த பந்து மூன்றாவது பேஸ்காரரின் கையில் பட்டுத் தெறித்து, நல்லவேளையாக ஷார்ட்ஸ்டாப்பில், அதாவது இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவில் நின்ற மெக்டூகல்ட் பக்கம் போனது. மயிரிழையில் அவுட். ஐந்தாவது இன்னிங்ஸில் கில் ஹாட்ஜஸ் தூக்கி அடித்ததை மிக்கி மேன்டில் ஓடிப்போய்ப் பிடித்தார். கடைசி ஆள் டேல் மிச்செல், மூன்று ஸ்ட்ரைக் வாங்கி ஸ்ட்ரைக் அவுட் ஆவது அபூர்வமான ஆள். பந்து வெளியே போனது என்று நினைத்து மட்டையை நிறுத்திக்கொண்டார். அம்பயர் பேப் பினெல்லி மூன்றாவது ஸ்ட்ரைக் என்று கையைத் தூக்கிவிட்டார். அடுத்த நொடிதான் அந்தப் படம்.

இதேபோல வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட நாட்களின் முதல் பக்கத்தைப் பின்னாளில் நினைவுப் பொருளாக மறுஅச்சு செய்து நிறைய விற்றிருக்கிறார்கள். அதனால் முதல் பக்கத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். உள்பக்கங்களைப் புரட்டுங்கள். கோட்டு சூட்டு விளம்பரம், பங்குச் சந்தை, ரேடியோ நிகழ்ச்சி நிரல் எல்லாம் இருக்கவேண்டும். செய்தித்தாள் மலிவான மரக்கூழில் செய்வது. அதிலுள்ள லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாகும், ஓரங்களும் மடிப்புகளும் முதலில் கறுக்கும். தாள் முழுக்க ஒரே சீராக மஞ்சளாக இருந்தால் சந்தேகப்படுங்கள். வாங்கிவிட்டால் லேமினேஷன் செய்யவே கூடாது, செல்லோடேப் ஒட்டவும் கூடாது. அமிலமில்லாத உறையில் மடிக்காமல் படுக்கவைத்து, இருட்டான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். நான் வருடத்துக்கு ஒருமுறை, அக்டோபரில்தான் வெளியே எடுப்பேன்.

எடுத்தால் முதலில் பார்ப்பது ஸ்கோர் வரியை. டாட்ஜர்ஸ் பெயருக்கு எதிரே ஒன்பது இன்னிங்ஸுக்கும் ஒன்பது பூஜ்யங்கள், அதற்குப் பிறகு ரன் 0, ஹிட் 0, பிழை 0. மேலே பேட்டர்கள் பட்டியலில் ராபின்சன் பெயரைச் சுற்றி யாரோ பென்சிலால் மெல்லிய வட்டம் போட்டிருக்கிறார்கள். யாங்கீஸ் ரசிகராக இருக்க வாய்ப்பில்லை என்றார் கடைக்காரர்.

இந்தத் தாள் வெளிவந்த காலையில் தொடர் 3-2, யாங்கீஸ் முன்னிலை. நான்கு ஆட்டம் வென்றால்தான் கோப்பை. எதுவும் முடிவாகவில்லை. முடிவு என்னவாயிற்று என்பது எனக்குத் தெரியும், இந்தத் தாளுக்குத் தெரியாது. மறுநாள் ஏழாவது ஆட்டத்தில் யாங்கீஸ் 9-0 என்று வென்று கோப்பையை எடுத்துப் போகும், அடுத்த வருடத்தோடு டாட்ஜர்ஸ் புரூக்ளினையே விட்டு லாஸ் ஏஞ்சலஸ் போய்விடும், ராபின்சனுக்கு இதுதான் கடைசித் தொடர். ஆனால் தாள் வெளிவந்த அன்று மதியம், ஆறாவது ஆட்டத்தில், ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் இரண்டு அணிக்கும் ரன் இல்லை. பத்தாவது இன்னிங்ஸில் ராபின்சன் அடித்த அடியில் டாட்ஜர்ஸ் 1-0 என்று ஜெயித்தது.

வட்டம் போட்டவர் அப்போது ரேடியோ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் ஆசைப்படுவேன்.